எம்.சி.ஆர். செருப்பும் தங்கசாலைத் தெருவும்

சென்னைப் பெரியமேட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவொன்றில், காலை அளவெடுத்துச் செய்து தரும் சிறிய கடையில், சென்ற ஆவணி மாதம் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு ஒரு ஜோடி செய்துகொண்டேன். விலை 1,150 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகள் தவிர மற்ற நாட்களில் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள வீட்டிலிருந்து, பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெருவில் நான் கணக்கு எழுதும் காகிதக் கடைக்கு அதைப் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். நான்கு மாதம் முடிந்து மார்கழி பிறந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல; இவ்வகைச் செருப்பைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் செய்கிறார்கள் என்பதை மேலும் இரண்டு கடைகளில் எடுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆனியில் மருத்துவர் நைலான் நரம்பு போன்ற ஒன்றை எடுத்து, அது வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, பாதத்தின் பல இடங்களில் தொட்டுக்கொண்டே வந்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட நரம்பு அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் கொஞ்ச நேரம் அவர் தொடுவதை நிறுத்திவிட்டார் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் என் வலது பெருவிரலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். நடப்பதை விட்டுவிடாதீர்கள், ஹவாய் செருப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை ராயபுரத்தில் இருப்பதால், எங்கள் பக்கத்தில் எம்.சி.ஆர். என்று சொன்னால் விளக்கம் கேட்பவர்கள் குறைவு. எதிர்வீட்டு அம்மாள் ஒரு பார்வையிலேயே, "உனக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டார்.

அது என்ன ரப்பர் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர்.; நுண்ணறை ரப்பர் என்று தமிழில் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் உள்ளே ஏராளமாக இருக்கும். ஒவ்வோர் அறையும் மூடியே இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. நாம் நிற்கும்போது அது பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கிக் கொடுப்பதால், குதிகாலிலும் பெருவிரலின் அடியிலும் மட்டும் குவியும் எடை பாதம் முழுவதும் பரவுகிறது. இந்த ரப்பர் செருப்புக்கு வந்த வரலாறே தமிழ்நாட்டில்தான் பெரிதும் நடந்தது. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்தபோது, பாதத்தைச் சிதைப்பது நோயைவிட உணர்ச்சியின்மைதான் என்று கண்டார்கள். வலி இருப்பவன் கல் குத்தினால் நொண்டிக்கொண்டாவது காலைக் காப்பாற்றிக்கொள்வான்; வலி தெரியாதவன் அதே புண்ணின் மேல் ஒரே சீராக நடந்துகொண்டே இருப்பான். அவர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட மெத்தென்ற செருப்பே பிறகு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்து சேர்ந்தது.

வாங்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். உள்தட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ஏறக்குறையப் பாதியாக அமுங்க வேண்டும். விட்டவுடன் பழைய கனத்துக்குத் திரும்ப வேண்டும். சாதாரண நுரை ரப்பரைக் கறுப்பாக வெட்டி ஒட்டி, அதையும் எம்.சி.ஆர். என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது அமுங்கும், ஆனால் திரும்பாது. இரண்டு மாதத்தில் குதிகால் பதிந்த இடம் பள்ளமாகிவிடும். என் ஜோடி இந்தச் சோதனையில் நன்றாகவே தேறியது. நான்கு மாதத்துக்குப் பிறகு இன்று அழுத்திப் பார்க்கும்போதும் குதிகால் பகுதியில் மட்டுமே சற்று இறுகியிருக்கிறது.

கடைக்கார பாய் தொழில் தெரிந்தவர். வெள்ளைத் தாளில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் ஓரம் வரைந்து, விரல் முட்டியிலும் பாதத்தின் மேட்டிலும் நாடா சுற்றி அளந்தார். இரண்டு காலையும் தனித்தனியே அளந்தது எனக்குப் பிடித்தது. எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும், ஆயத்தச் செருப்பில் அந்தக் கால்தான் அவதிப்படும். விரல் இடுக்கில் நுழையும் வார் கிடையாது, பெருவிரல் வளையம் கிடையாது, ஆணி எங்குமே கிடையாது. எல்லாம் பசையும் தையலும்தான். மேலே இரண்டு பட்டை, பின்புறம் குதிகாலைப் பிடிக்க ஒரு பட்டை. மூன்றையும் வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையால் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். மாலையில் கால் வீங்குபவர்களுக்கு இது பெரிய வசதி. "டெய்லி எத்தினி கிலோமீட்டர் நடப்பீங்க சார்?" என்று கேட்டார். மூன்றரை என்றேன். குறித்துக்கொண்டார். எந்தத் தெருவில் நடப்பேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதல் வாரம் புதுச் செருப்பைத் தெருவில் போடக்கூடாது, கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் விதித்த விதி. ஆகவே ராயபுரம் அண்ணா பூங்காவில் தொடங்கினேன். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா என்று சொன்னால் மற்றப் பகுதிக்காரர்களுக்கும் விளங்கும். அங்கே கைபேசியில் நிமிடம் ஒன்றுக்கு 100 காலடி என்று காட்டியது. மிதமான உடற்பயிற்சி என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நடை அந்த வேகத்தில்தான் தொடங்குகிறது. மூன்றரை கிலோமீட்டர் சுற்ற 51 நிமிடம் ஆயிற்று. சமதரையில், ஒரே சீரான நடையில், இந்தச் செருப்பைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. குதிகால் இறங்குவதும் விரல்கள் தரையை விட்டு எழுவதும் சத்தமில்லாமல் நடக்கின்றன. வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்த்தால் எங்கும் சிவப்பு இல்லை. இந்த மதிப்புரை பூங்காவோடு முடிந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

இரண்டாம் வாரம் தெருவில் இறங்கினேன். என் வழி இதுதான்: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ரயில் பாதையைத் தாண்டிப் பழைய ஜெயில் ரோடு, அங்கிருந்து வள்ளலார் நகர் மணிக்கூண்டு, பிறகு தங்கசாலைத் தெருவின் நீளம் முழுவதும், கடைசியில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டைத் தொட்டு ஆண்டர்சன் தெரு. அதே மூன்றரை கிலோமீட்டர்தான். பூங்காவில் 51 நிமிடத்தில் முடிந்த தூரத்துக்கு இங்கே 72 நிமிடம் ஆயிற்று. அடிகளும் கூடுதல். பூங்காவில் 5,100-க்கு அருகில் வந்த எண்ணிக்கை தெருவில் 5,600-ஐத் தொட்டது. காரணம், தெருவில் யாரும் முழு அடி வைப்பதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே எண்ணிப் பார்த்தேன். முழுதாக நின்றது 41 முறை. நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கியதையும், நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி மறுபடி ஏறியதையும் எண்ணத் தொடங்கி, யானைக்கவுனி திரும்பும் இடத்திலேயே எண்ணிக்கை தப்பிவிட்டது.

செருப்புச் செய்பவர்களும் மருத்துவர்களும் நடை என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது பூங்கா நடையைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீரான நடையில் ஒவ்வொரு பாதமும் ஒரு சுற்றின் நேரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு தரையிலும் 40 விழுக்காடு காற்றிலும் இருக்கும். எடை குதிகாலில் இறங்கி முன்பாதத்தின் வழியே உருண்டு போய்விடும். தங்கசாலைத் தெருவில் அந்த உருளல் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. எதிரே ஒரு மீன்பாடி வண்டி பின்னால் தள்ளிக்கொண்டு வரும். அல்லது புடவைக் கட்டைத் தோளில் சாய்த்தவர் கடை வாசலிலிருந்து தெருவைப் பார்க்காமல் இறங்குவார். அந்த நொடியில் கால் நிற்கிறது, உடம்பு இன்னும் முன்னே போகிறது, பாதம் செருப்புக்குள் முன்பக்கமாகச் சறுக்குகிறது. உணர்ச்சியுள்ள காலுக்கு இது ஒன்றுமில்லை. என் போன்றவர்களுக்கு இந்தச் சறுக்கலில் வரும் உராய்வுதான் கொப்புளமாகும். கொப்புளம் வந்ததும் தெரியாது. ஒரு நாளைக்கு 41 முறை என்றால் மாதத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் ஆகிறது.

இதைத் தடுக்க வேண்டியது பின்பட்டைதான். அது இறுக்கமாக இருந்தவரை சறுக்கல் மிகக் குறைவாகவே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இறுக்கம் நிலைக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நடைபாதையைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் செருப்பைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். இந்தியச் சாலைப் பேரவை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியின்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று கடக்கத் தேவையான அகலம் அது. என் வழியில் நாடாவோடு போய் அளக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் கடைப்படிகள் வெளியே நீண்டிருக்கும் இடத்தில், அதை ஒட்டி இருசக்கர வண்டிகள் நிற்கும் இடத்தில், இரண்டுக்கும் இடையே மின்பகிர்வுப் பெட்டி நிற்கும் இடத்தில், ஓர் ஆள் தோளைத் திருப்பிக்கொண்டு போகும் அகலமே மிஞ்சுகிறது. நான் வியாபாரிகளைக் குறை சொல்லவில்லை. எங்கள் கடையே வாசலில் மூன்று கட்டுக் காகிதத்தை இறக்கி வைக்கும். அந்தக் கணக்கை எழுதுபவன் நான்தான். ஆக, நடப்பவர்கள் பெரும்பாலோர் சாலையின் இடது ஓரத்தில், வடிகாலை நோக்கிச் சரியும் தாரின் மேல்தான் நடக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

ஆனாலும் இந்தத் தெருக்களில் தாளமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுமைக்காரர்களைப் பின்தொடர்ந்து பார்த்தால் தெரியும். கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், மளிகையும் மற்றச் சரக்கும் இன்னும் தலையிலும் தோளிலும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மூட்டை தூக்குபவர் முழங்காலைச் சற்று மடக்கி, குட்டை குட்டையாக அடி வைத்து, ஏறக்குறைய ஓட்டமும் நடையுமாகப் போகிறார். சுமையோடு நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதால் அவர் நிற்கவே மாட்டார். "ஓரம், ஓரம்" என்ற அவருடைய குரலுக்குத் தெரு திறந்துகொடுக்கிறது. ஒரு காலை அப்படி ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருநூறு மீட்டர் போனேன். நான்கு மாதத்தில் தங்கசாலைத் தெருவில் என் கைபேசி நிமிடத்துக்கு 110 அடி காட்டியது அந்த ஒரு முறைதான். அவர் காலில் இருந்தது தேய்ந்துபோன நீல வார் ஹவாய் செருப்பு. என் 1,150 ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சாலையைக் கடப்பதற்கும் இங்கே ஒரு முறை உண்டு. தனி ஆளாக யாரும் இறங்குவதில்லை. ஓரத்தில் நால்வர் ஐவர் சேரும்வரை காத்திருந்து, கூட்டத்தில் ஒரு பெண்மணி கையை உயர்த்திக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்ததும் எல்லோரும் ஒரே உடம்பாகக் கடக்கிறார்கள். பாதசாரிகளுக்கான சைகை நேரத்தைக் கணக்கிடும்போது பொறியாளர்கள் விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வேகத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். 15 மீட்டர் அகலச் சாலையை அந்த வேகத்தில் கடக்கப் பன்னிரண்டரை விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு முதியவருக்கு அதே சாலைக்குப் பத்தொன்பது விநாடி வேண்டும். நான் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவன். கூட்டத்தின் வால் பகுதியில் போய்ச் சேர்வேன். கடைசி மூன்று மீட்டரை வேகமாகக் கடக்கும் அந்த அரை ஓட்டத்தில் இந்தச் செருப்பு நன்றாக ஈடுகொடுத்தது. கழன்று விழவில்லை, அடித்தட்டு வழுக்கவில்லை. ஹவாய் செருப்பாக இருந்தால் ஒன்று சாலையின் நடுவிலேயே கிடந்திருக்கும்; அந்த அனுபவமும் எனக்கு உண்டு.

இனி என் பெரிய குறையைச் சொல்கிறேன். இந்தச் செருப்பின் அடித்தட்டு அளவுக்கு மீறித் தடிமனாக இருக்கிறது. உள்ளே மெத்தென்ற தட்டு, நடுவில் விறைப்பான தட்டு, வெளியே முள்ளும் ஆணியும் ஏறாத கடின ரப்பர் என மூன்று அடுக்கு சேர்ந்து, முன்பக்கத்தில் என் சுண்டு விரலின் அகலத்துக்கு இரண்டு மடங்கு வருகிறது. நடக்கும்போது காற்றில் வீசும் கால், தரைக்கு மிக அருகில் வரும் நொடியில், விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே இருப்பது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான். மனிதர்கள் எல்லோரும் அவ்வளவு நூலிழையில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. புதுச் செருப்பின் கனம் அந்த இடைவெளிக்குள் நுழைகிறது. காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க மூளை பழகிக்கொள்ள வேண்டும். சமதரையில் ஒரு வாரத்தில் பழகிவிடும். மழைநீர் வடிகாலின் மூடிகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும் இடத்தில் அந்தப் பழக்கம் உதவாது. விரல் உயரம் துருத்தி நிற்கும் பலகையொன்றில் முன்முனை தட்டி, புரட்டாசியில் ஒரு முறை முழங்காலால் விழுந்தேன். பக்கத்திலிருந்த பூக்காரம்மா தூக்கிவிட்டு, "கீழ பாத்து வாப்பா" என்றார். உணர்ச்சியுள்ள கால் தட்டியதை உடனே உணர்ந்து நடையைத் திருத்திக்கொள்ளும். என் கால் தட்டிய செய்தி எனக்கு வந்தபோது நான் தரையில் இருந்தேன்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முன்முனையை மட்டும் தேய்த்து மேல்நோக்கி வளைத்துவிட்டால் தட்டுவது குறையும். விலை உயர்ந்த நடைக்காலணிகளில் அப்படித்தான் இருக்கிறது. பெரியமேட்டில் நான் பார்த்த மூன்று கடைகளிலும் முன்முனை தட்டையாகவே வெட்டப்பட்டிருந்தது.

இப்போது ஒட்டுப்பட்டைக் கதைக்கு வருகிறேன். சவுகார்பேட்டையின் பழைய மொத்தக் கடைகளில் இன்னும் வெள்ளை மெத்தை விரித்து உட்காரும் வழக்கம் இருக்கிறது. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பாக்கி வசூலுக்காக ஒரு நாளைக்கு நான்கு கடை ஏறினால் நான்கு முறை கழற்றி, நான்கு முறை மாட்ட வேண்டும். போகிற வழியில் கந்தகோட்டத்தில் ஒரு கும்பிடு, ஆடிட்டர் வீட்டில் ஒரு கையெழுத்து. ஒரு செருப்புக்கு மூன்று பட்டை என்றால் ஒரு ஜோடிக்கு ஆறு. நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறையாவது பட்டை பிரிந்து ஒட்டுகிறது. இரண்டாம் மாத முடிவில் பட்டையின் கொக்கிப் பக்கத்தில் நூலும் தூசியும் அடைந்து பிடிப்பு போய்விட்டது. பின்பட்டைதான் முதலில் விட்டது. நின்று நின்று போகும் தெருவில் எது மிகவும் தேவையோ அதுவே முதலில் விட்டது. பழைய பல் துலக்கியால் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துச் சுத்தம் செய்தால் கொஞ்சம் தாங்குகிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். கடையில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் பட்டையின் தையலும் பிரிந்தது. பெரியமேடு வரை போகச் சோம்பல்பட்டு, பழைய ஜெயில் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன். வாங்கிய கையோடு அவர் இரண்டு சின்ன ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "ஆணி வேணாம்பா, எனக்கு சர்க்கரை" என்றேன். வாயிலிருந்து ஆணியைத் துப்பிவிட்டு, செருப்பைத் திருப்பிப் பார்த்து, "அப்பவே சொல்லக்கூடாதா சார், இது ஆஸ்பத்திரி செருப்பாச்சே" என்றார். பசை போட்டுக் காயவிட்டு, பிறகு மெழுகு நூலில் இரண்டு வரிசை தைத்துக் கொடுத்தார், நாற்பது ரூபாய். இன்றுவரை அந்தத் தையல் விடவில்லை. கடைத் தையலைவிட அது நன்றாக இருக்கிறது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். இவ்வகைச் செருப்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நடந்தேன். நுண்ணறை ரப்பர் தண்ணீரை வாங்கவில்லை. மேல்பட்டையின் தோலும் அதன் உள்துணியும் வாங்கின, காய இரண்டு நாள் ஆயிற்று, மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. கலங்கிய தண்ணீரில் சர்க்கரைக் காலோடு இறங்குவதே தவறு என்று மருத்துவர் கடிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் இறங்காமல் வெளியே போவது எப்படி என்று அவரிடம் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மழைக்காலத்துக்கு முழுக்கச் செயற்கைப் பட்டை போட்ட இன்னொரு ஜோடி இருந்தால் நல்லது.

மாலையில் கால் ஓய்ந்துபோன நாட்களில் உயர்நீதிமன்றம் நிலையத்தில் மெட்ரோ ஏறி, மண்ணடியைத் தாண்டி வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடுவேன். 2019 பிப்ரவரியில் திறந்த இந்த வழித்தடம் என்னைப் போன்றவர்களுக்கு மருந்துக்குச் சமம். நிலையத்தின் வழுவழுப்பான தரையில், ஈரமாக இருந்தபோதும், இந்தச் செருப்பு வழுக்கவில்லை. நகரும் படிக்கட்டில் மட்டும் கவனம் வேண்டும். அடி கனமாக இருப்பதால் பாதம் படியின் விளிம்பில் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது காலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நிலையத்துக்குள் எல்லோரும் ஒரே வேகத்தில், முழு அடி வைத்து நடப்பதைப் பார்த்தால், தெருவில் இடித்துக்கொண்டு வந்த அதே ஜனங்கள்தானா என்று தோன்றும்.

ஆக, காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தச் செருப்பை வாங்கலாம். வாங்காமல் ஹவாய் செருப்பில் தொடர்வதைவிட நூறு மடங்கு மேல். நான்கு மாதத்தில் என் பாதத்தில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்பதே அதன் முதல் தகுதி. ஆனால் ஒட்டுப்பட்டைக்குப் பதிலாகப் பின்பட்டைக்கு மட்டுமாவது இடுப்பு வாரில் இருப்பதுபோன்ற கொக்கி வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்; முன்முனையைத் தேய்த்து வளைக்கச் சொல்லுங்கள். கால் நன்றாக இருப்பவர்கள் நடைக்காக இதை வாங்க வேண்டிய அவசியமில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அரை மதிப்பெண் வடிகால் மூடிகளால் போனது, அதைச் செருப்பின் கணக்கில் எழுதுவது சரியா என்று கணக்கு எழுதுபவனாகவே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

போன வாரம் இரண்டாவது ஜோடிக்கு அளவு கொடுக்கப் பெரியமேட்டுக்குப் போனேன். கொக்கியையும் முன்முனையையும் பற்றிச் சொன்னதை பாய் மறுப்புச் சொல்லாமல் குறித்துக்கொண்டார். பிறகு காலிலிருந்த பழைய ஜோடியைக் கழற்றச் சொல்லி, கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது செருப்பின் குதிகாலில் வெளிப்பக்க ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பில் அவ்வளவு இல்லை. விரலால் அந்தச் சாய்வைத் தடவிக்கொண்டே, "எந்த ரோட்ல சார் நடக்கிறீங்க?" என்றார். தங்கசாலைத் தெரு, காலையில் தெற்கே, எப்போதும் இடது ஓரம் என்றேன். "காவா பக்கம் சரிவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தாளில் வரைந்திருந்த என் இடது பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 3 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்.